குமிழ் வரும் வேகத்தில் இத்தனை ரகசியங்களா? தெரியுமா?

வினிகரில் முட்டை ஓட்டைப் போட்டால் குமிழ் குமிழாக வாயு கிளம்பும். இது எல்லோருக்கும் தெரியும். அந்த வாயுவை ஓர் அளவுஜாடியில் பிடித்து, பக்கத்தில் ஒரு ஸ்டாப்வாட்ச்சை வைத்து, 'எத்தனை நொடியில் எத்தனை மில்லி' என்று எழுதத் தொடங்கினால் என்னவெல்லாம் நடக்கும் தெரியுமா? நோபல் பரிசு கிடைக்கும்! நம் ரத்தத்தில் ஒளிந்திருந்த நொதி பிடிபடும்! செவ்வாய் கிரகத்து மண்ணையே விசாரிக்கலாம்! மொத்தம் எவ்வளவு வாயு வந்தது என்பது, உள்ளே எவ்வளவு பொருள் இருந்தது என்பதைத்தான் சொல்லும். எவ்வளவு வேகமாக வந்தது என்பதோ, உள்ளே என்ன நடக்கிறது, யார் நடத்துகிறார் என்பதையே காட்டிக்கொடுத்துவிடும். ஒவ்வொன்றாகப் பார்ப்போமா?

1. விரல் நீள நாடாவுக்குள் 100 மில்லி வாயு!

மக்னீசிய நாடாவில் 0.1 கிராம் எடையுள்ள துண்டு ஒன்றை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டால், ஏறக்குறைய 100 மில்லி ஹைட்ரஜன் வெளிவரும். அறை வெப்பநிலையில் ஒரு மோல் வாயு, அது எந்த வாயுவாக இருந்தாலும், சுமார் 24 லிட்டர் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் இந்தச் சின்னத் துண்டுக்கு இவ்வளவு வாயு!

இதை அளப்பது எப்படி? கூம்புக் குடுவையில் அமிலம். அதன் வாயில் ஒரு ரப்பர் அடைப்பான், அதிலிருந்து ஒரு குழாய். குழாயின் மறுமுனை, தண்ணீர்த் தொட்டியில் நீர் நிரப்பித் தலைகீழாகக் கவிழ்த்த அளவுஜாடிக்குள். வாயு ஏற ஏற நீர் இறங்கும். பத்து நொடிக்கு ஒருமுறை நீர்மட்டத்தைக் கண்ணுக்கு நேராக வைத்துப் படிக்க வேண்டும். ஒரு சிக்கல் உண்டு. நாடாவைப் போட்டுவிட்டு அடைப்பானை மூடுவதற்குள் கொஞ்சம் வாயு தப்பிவிடும். வினை மிக வேகமாக நடப்பதும் அந்த முதல் நொடிகளில்தான்! ஆகவே கைதேர்ந்தவர்கள் நாடாவைச் சிறு குப்பியில் போட்டு, குடுவைக்குள் நிமிர்த்தி நிறுத்தி, அடைப்பானை இறுக மூடிய பிறகே குடுவையைச் சாய்த்துக் குப்பியைக் கவிழ்ப்பார்கள். அந்த நொடியில் ஸ்டாப்வாட்ச்சும் ஓடத் தொடங்கும்.

2. வேகம் வேறு, மொத்தம் ஒன்றே!

அதே 0.1 கிராம் மக்னீசியத்தை இம்முறை வினிகரில் உள்ள அசெட்டிக் அமிலத்தில் போடுங்கள். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் பொங்கி வந்த வாயு இங்கே நிதானமாக வரும். ஆனால் அமிலம் போதுமான அளவு இருந்து, முடியும்வரை காத்திருந்தால், இங்கேயும் வருவது அதே 100 மில்லிதான்! மொத்தத்தைத் தீர்மானிப்பது உலோகம். வேகத்தைத் தீர்மானிப்பது அமிலத்தின் வீரியம்.

இங்கிலாந்தின் ஹென்றி கேவண்டிஷ் 1766-லேயே இதன் ஒரு பாதியைக் கண்டுவிட்டார். குறிப்பிட்ட எடை துத்தநாகத்தை நீர்த்த கந்தக அமிலத்தில் கரைத்தாலும், ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்தாலும் ஒரே கன அளவு வாயுதான் வருகிறது என்று அளந்து எழுதினார். 'ஹைட்ரஜன்' என்ற பெயரே அப்போது பிறக்கவில்லை!

3. ஒரே வளைகோட்டில் முழுக் கதை!

நேரத்தைக் கிடையாகவும் வாயுவின் கன அளவைச் செங்குத்தாகவும் வைத்து வரைபடம் போடுங்கள். தொடக்கத்தில் கோடு செங்குத்தாக ஏறும், பிறகு சாயும், கடைசியில் தட்டையாகப் படுத்துவிடும். எந்த இடத்தில் சரிவை அளக்கிறீர்களோ, அந்தச் சரிவுதான் அந்த நொடியின் வினைவேகம்! தட்டையானால் வினை முடிந்தது.

இப்போது ஒரு கிராம் பளிங்குக் கல்லைக் கட்டியாக ஒரு குடுவையிலும், அதே ஒரு கிராமைப் பொடித்து இன்னொன்றிலும் போட்டு அமிலம் ஊற்றுங்கள். பொடியின் கோடு விறுவிறுவென ஏறும், கட்டியின் கோடு பின்னால் மெதுவாக வரும். இரண்டும் போய்ச் சேரும் உயரம் ஒன்றே: சுமார் 240 மில்லி கார்பன் டை ஆக்சைடு. பொடித்தபோது கல் கூடவில்லை. அமிலம் தொடும் பரப்பு மட்டுமே கூடியது!

4. தராசுக்கு ஒரு வாயு, தண்ணீருக்கு ஒரு வாயு!

எல்லா வாயுவையும் ஒரே விதமாக அளக்க முடியாது தெரியுமா? குடுவையைத் தராசில் வைத்து, வாயு வெளியேற வெளியேற எடை எவ்வளவு குறைகிறது என்று பார்க்கும் முறை ஒன்று உண்டு. கார்பன் டை ஆக்சைடுக்கு இது அருமை: ஒரு கிராம் பளிங்கு கரைந்தால் 0.44 கிராம் எடை குறையும். ஹைட்ரஜனுக்கு இது உதவாது. 100 மில்லி ஹைட்ரஜனின் எடை 0.01 கிராம்கூட இல்லை!

தண்ணீர்த் தொட்டி முறையிலோ இது தலைகீழ். ஹைட்ரஜன் நீரில் அநேகமாகக் கரையாது. வந்தது எல்லாம் ஜாடியில் சேரும். கார்பன் டை ஆக்சைடு நீரில் நன்றாகக் கரையும். ஒரு லிட்டர் நீர் தன் கன அளவில் பெரும்பகுதிக்குச் சமமான வாயுவை விழுங்கிவிடும்! அதனால்தான் ஆய்வகங்களில் வாயு சிரிஞ்சைப் பயன்படுத்துகிறார்கள். வழுக்கிக்கொண்டு பின்னால் நகரும் அதன் தண்டே கன அளவைக் காட்டிவிடும்.

5. வாயுவைப் பிடித்தவர் பாதிரியார். வேகத்துக்குச் சமன்பாடு தந்தது சர்க்கரை!

வாயுவை நீருக்கு மேல் பிடித்து அளக்கும் கலையை வளர்த்தவர் ஸ்டீபன் ஹேல்ஸ். இங்கிலாந்தில் டெடிங்டன் என்ற ஊரின் பாதிரியார்! 1727-ல் வெளியான அவருடைய நூலில், பல பொருள்களைச் சூடாக்கி எவ்வளவு 'காற்று' வருகிறது என்று அளந்திருந்தார். ஆனால் வேகத்தை ஒரு கணிதச் சமன்பாடாக எழுத 1850 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஜெர்மனியின் லூட்விக் வில்ஹெல்மி, அமிலத்தில் சர்க்கரை மாற்றமடையும் வேகத்தை ஒளியின் உதவியால் அளந்து அதை எழுதினார். 1884-ல் வேதி இயக்கவியல் பற்றிப் பெரும் நூல் எழுதிய வான்ட் ஹாஃப்தான், 1901-ல் வேதியியலுக்கான முதல் நோபல் பரிசையே பெற்றவர்!

6. மார்கழியில் இட்லி மாவு ஏன் பொங்குவதில்லை?

இட்லி மாவு பொங்குவதே வாயு உருவாகும் வினையால்தான். லியூகோனோஸ்டாக் என்ற பாக்டீரியா, மாவில் உள்ள சர்க்கரையைத் தின்று கார்பன் டை ஆக்சைடை வெளிவிடுகிறது. உளுந்தின் பசை அந்தக் குமிழ்களை இறுகப் பிடித்துக்கொள்கிறது. வெயில் காலத்தில் இரவில் கரைத்து வைத்த மாவு விடிவதற்குள் பாத்திரத்தைத் தாண்டி வழியும். மார்கழிக் குளிரில் அதே மாவு, அதே பாத்திரம், அசையாமல் கிடக்கும்!

பல வினைகளில் வெப்பநிலை 10 டிகிரி கூடினால் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது வேதியியலில் பழகிய கணக்கு. இதற்கான சமன்பாட்டை 1889-ல் தந்தவர் சுவீடனின் ஸ்வான்டே அர்ரேனியஸ். மூலக்கூறுகள் மோதினால் மட்டும் போதாது, ஒரு குறைந்தபட்ச ஆற்றலோடு மோத வேண்டும். சற்றே சூடேற்றினாலும் அந்தத் தடையைத் தாண்டும் மூலக்கூறுகளின் எண்ணிக்கை வெகுவாக ஏறிவிடுகிறது. மாவுப் பாத்திரத்தை அடுப்புக்குப் பக்கத்தில் நகர்த்தி வைக்கும் கை, இதைச் சமன்பாடு இல்லாமலே செய்துவிடுகிறது!

7. மருந்துக்கடை பாட்டிலில் ஒரு வாயுக் கணக்கு!

ஹைட்ரஜன் பெராக்சைடு பாட்டிலில் '20 வால்யூம்' என்று போட்டிருப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு மில்லி திரவம் முழுவதும் சிதைந்தால் 20 மில்லி ஆக்சிஜன் வரும் என்பதே அதன் பொருள். 100 மில்லி பாட்டிலுக்குள் இரண்டு லிட்டர் ஆக்சிஜன்!

1818-ல் பிரான்சின் தெனார் இந்தத் திரவத்தைக் கண்டுபிடித்தார். சில பொருள்கள் தாங்கள் செலவாகாமலே இதைச் சிதைப்பதையும் கவனித்தார். அப்படிப்பட்ட பொருள்களுக்குத்தான் இன்று வினையூக்கி என்று பெயர். நம் உடலில் உள்ள கேட்டலேஸ் என்ற நொதி அந்த வகையில் பெரிய சூரன்: ஒரே ஒரு மூலக்கூறு, ஒரு நொடியில் லட்சக்கணக்கான பெராக்சைடு மூலக்கூறுகளை உடைத்துத் தள்ளும்! இந்தத் திரவம் காயத்தில் பட்டதும் குபுகுபுவென நுரைப்பது அதனால்தான். 1937-ல் கேட்டலேஸைப் படிகமாக்கிய ஜேம்ஸ் சம்னர், 17 வயதில் வேட்டை விபத்தில் இடது கையை இழந்தவர். அவர் இடது கைப் பழக்கம் உள்ளவர் என்பது இன்னும் பெரிய அதிர்ச்சி! வலது கையைப் பழக்கி, ஆய்வகத்தில் நின்று, 1946-ல் நோபல் பரிசும் பெற்றார்.

8. குழாயை மூடினால் தானாக நிற்கும் வினை!

கல்லூரியில் சால்ட் அனாலிசிஸ் செய்த பழைய மாணவர்களுக்கு அழுகிய முட்டை நாற்றமும் கிப்ஸ் உபகரணமும் மறக்கவே மறக்காது. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்து மருந்தாளுநர் கிப் வடிவமைத்த, வாயு தயாரிக்கும் கருவி அது. குழாயை மூடினால் வாயு உள்ளே சேர்ந்து, அதன் அழுத்தமே அமிலத்தைக் கீழே தள்ளி, திடப்பொருளிடமிருந்து பிரித்துவிடும், வினை நின்றுவிடும். திறந்தால் அமிலம் மறுபடி ஏறும். மின்சாரமும் இல்லை, மோட்டாரும் இல்லை!

நம் கிராமங்களில் உள்ள சாண எரிவாயுக் கலனையும் கவனித்திருக்கிறீர்களா? மிதக்கும் டிரம் உள்ள வகையில், வாயு சேரச் சேர டிரம் மேலே எழும். எவ்வளவு எழுந்தது, எத்தனை மணி நேரத்தில் எழுந்தது என்று குறித்தால் போதும், வாயு உற்பத்தியின் வேகம் கையில். ஆய்வகத்தில் கவிழ்த்து வைத்த அளவுஜாடி செய்யும் அதே வேலை!

9. வயிற்றில் கொதிகலன் சுமக்கும் வண்டு!

பாம்பார்டியர் வண்டின் உடலில் ஓர் அறையில் ஹைட்ரோகுவினோனும் ஹைட்ரஜன் பெராக்சைடும், இன்னோர் அறையில் நொதிகளும் இருக்கும். எதிரி சீண்டினால் இரண்டும் கலக்கும். படாரென்று ஆக்சிஜன் கிளம்பி, 100 டிகிரி சூட்டில் திரவத்தைப் பீய்ச்சி அடிக்கும்! அதிவேகக் கருவிகளால் அளந்தபோது ஒரு பெரும் வியப்பு: அது ஒரே தாரை இல்லை; நொடிக்குச் சுமார் 500 முறை விட்டு விட்டு வெடிக்கும் துடிப்புகள்! அந்த இடைவெளிகளே வண்டு தன்னைத் தானே வேகவைத்துக்கொள்ளாமல் காப்பாற்றுகின்றன.

10. கண் இமைப்பதற்கு முன் 70 லிட்டர்!

காரின் ஏர்பேக் விரிய எவ்வளவு நேரம்? சுமார் 0.03 நொடி. நாம் ஒருமுறை கண் இமைக்கவே 0.1 நொடிக்கு மேல் ஆகும்! பழைய வகை ஏர்பேக்குகளில் இருந்தது சோடியம் அசைடு. அதில் 130 கிராம் சிதைந்தால் சுமார் 70 லிட்டர் நைட்ரஜன் கிடைக்கும். இங்கே வேகம் கொஞ்சம் குறைந்தாலும் தலை ஸ்டியரிங்கில் மோதிவிடும். கொஞ்சம் கூடினாலும் பையே முகத்தைத் தாக்கும். வினைவேகத்தை அளக்கத் தெரிந்ததால் பிழைத்த உயிர்கள் எத்தனை!

11. ஈஸ்ட் சாறு, ஒரு வாயுக்கணக்கு, ஒரு நோபல்!

1897-ல் எடுவார்ட் புக்னர், ஈஸ்டை நசுக்கிப் பிழிந்த உயிரற்ற சாறே சர்க்கரையைப் புளிக்கவைத்து வாயு விடுவதைக் காட்டி உலகை அசத்தினார். ஆனால் அந்தச் சாறு சீக்கிரமே சோர்ந்துவிடும். வாயு வரும் வேகம் சரிந்துவிடும். ஏன்?

லண்டன் லிஸ்டர் நிறுவனத்தில் ஆர்தர் ஹார்டனும் வில்லியம் யங்கும் உட்கார்ந்து அந்த வாயுவை அளந்தார்கள். கொதிக்கவைத்து வடிகட்டிய ஈஸ்ட் சாற்றைச் சேர்த்தபோது வேகம் திடீரென எகிறியது! அதில் என்ன இருக்கிறது என்று துருவியபோது கிடைத்தது பாஸ்பேட். பாஸ்பேட்டைச் சேர்த்ததும் கார்பன் டை ஆக்சைடு பாய்ந்து வந்தது. சிறிது நேரத்தில் வேகம் பழைய நிலைக்கு இறங்கியது. கூடுதலாக வந்த வாயுவைக் கணக்கிட்டுப் பார்த்தார்கள். சேர்த்த பாஸ்பேட்டுக்கு மூலக்கூறுக்கு மூலக்கூறு சமம்!

அப்படியானால் பாஸ்பேட் சும்மா தூண்டிவிடவில்லை. சர்க்கரையோடு போய் ஒட்டிக்கொள்கிறது! இன்று நம் ஒவ்வொரு செல்லும் சர்க்கரையிலிருந்து ஆற்றல் எடுப்பது பாஸ்பேட் ஒட்டிய சர்க்கரைகள் வழியாகத்தான் என்று பாடப்புத்தகத்தில் படிக்கிறோமே, அந்தக் கதவைத் திறந்தது வாயு வந்த வேகத்தில் தெரிந்த ஒரு திடீர் ஏற்றம்! 1929-ல் ஹார்டன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

12. கணக்கு இடித்தது, நொதி கிடைத்தது!

நம் திசுக்களில் உருவாகும் கார்பன் டை ஆக்சைடில் பெரும்பகுதி, பைகார்பனேட்டாக மாறி ரத்தத்தில் பயணம் செய்கிறது. நுரையீரலை அடைந்ததும் மறுபடி வாயுவாக மாறி வெளியேற வேண்டும். அதற்குக் கிடைக்கும் நேரம்? ஓய்வாக இருக்கும்போது நுரையீரல் நுண்குழாயில் ரத்தம் இருப்பது ஒரு நொடிக்கும் குறைவு!

வெறும் நீரில் அந்த மாற்றம் நடக்கும் வேகத்தை அளந்தால், இந்த நேரம் போதவே போதாது. ஆனால் நாமோ ஒவ்வொரு மூச்சிலும் அந்த வாயுவை வெளியேற்றிக்கொண்டுதான் இருக்கிறோம். அளவுகளில் பிழை இல்லை. அப்படியானால் ரத்தத்துக்குள் யாரோ வேலையை விரைவுபடுத்துகிறார்! இந்தச் சந்தேகத்தைத் துரத்திப் போன கேம்பிரிட்ஜின் மெல்ட்ரமும் ரஃப்டனும் 1933-ல் சிவப்பணுவிலிருந்து கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்ற நொதியைப் பிரித்தெடுத்தார்கள். அதன் ஒரு மூலக்கூறு ஒரு நொடியில் சுமார் 10 லட்சம் கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறுகளைக் கையாளும்! 'இந்த வேகம் பொருந்தவில்லையே' என்ற ஒரே தடயத்திலிருந்து ஒரு நொதியே பிடிபட்டது.

13. விட்டு விட்டு மூச்சுவிடும் திரவம்!

வாயு வரும் வேகம் குறைந்துகொண்டே போய் நிற்க வேண்டும் என்றுதானே பார்த்தோம்? 1921-ல் கலிபோர்னியாவின் வில்லியம் பிரே, அமிலத்தில் ஹைட்ரஜன் பெராக்சைடையும் அயோடேட்டையும் கலந்தார். ஆக்சிஜன் பொங்கியது, அடங்கியது, மறுபடி பொங்கியது! அயோடினின் அளவும் கூடவே ஏறி இறங்கியது. கலங்கலற்ற ஒரே கரைசலில் இப்படி நடக்க முடியாது, தூசியோ அசுத்தமோ கலந்திருக்கும் என்று பலர் மறுத்தார்கள். பல பத்தாண்டுகளுக்குப் பிறகுதான் ஊசலாடும் வினைகள் உண்மை என்று உலகம் ஒப்புக்கொண்டது. பிரேயின் பெயர் இன்று அந்த வினைக்கே சூட்டப்பட்டிருக்கிறது!

14. ரத்தத்தில் கிருமி இருக்கிறதா? வாயுவைக் கேள்!

மருத்துவமனையில் 'பிளட் கல்ச்சர்' எடுக்கும் ரத்தம் ஒரு சத்துநீர் பாட்டிலுக்குள் போகிறது. கிருமி இருந்தால் அது பெருகிக் கார்பன் டை ஆக்சைடை விடும். பாட்டிலின் அடியில் உள்ள உணரி அதைக் காட்டிக்கொடுக்கும். தானியங்கிக் கருவி 10 நிமிடத்துக்கு ஒருமுறை, இரவு பகல் பாராமல் பார்த்துக்கொண்டே இருக்கும். ரத்த அணுக்களும் கொஞ்சம் வாயு விடுமே, எப்படிப் பிரித்தறிவது? அணுக்கள் விடும் வாயு மெல்ல மெல்லச் சேரும். கிருமி பெருகப் பெருக வாயுவின் வேகமே வேகமெடுக்கும்! அந்த முடுக்கம்தான் எச்சரிக்கை மணி.

வயிற்றுப்புண் கிருமியான ஹெலிகோபாக்டர் பைலோரியைப் பிடிப்பதும் வாயுதான். கார்பன்-13 உள்ள யூரியாவைக் குடித்துவிட்டு, சற்று நேரம் கழித்து ஊத வேண்டும். கிருமி இருந்தால் அதன் யூரியேஸ் நொதி யூரியாவை உடைத்து, அடையாளமிட்ட கார்பன் டை ஆக்சைடு மூச்சில் வந்துவிடும்! குழாய் விடாமல், கத்தி வைக்காமல், ஓர் ஊதலில் விடை.

15. செவ்வாயில் ஒரு வாயுச் சோதனை!

1976. வைக்கிங் விண்கலங்கள் இரண்டு செவ்வாயில் இறங்கின. அள்ளிய மண்ணில் கார்பன்-14 கலந்த சத்துநீரைச் சொட்டுவிட்டன. உயிர் இருந்தால் அதைத் தின்று, கதிரியக்கமுள்ள வாயுவை வெளிவிட வேண்டும். வாயு வந்தது! வேகமாகவே வந்தது! மண்ணை முதலில் 160 டிகிரிக்குச் சூடாக்கிவிட்டுச் சொட்டுவிட்டபோது அநேகமாக ஒன்றும் வரவில்லை. சூட்டில் செத்துப்போகும் ஏதோ ஒன்று அங்கே இருந்ததா?

இரண்டாவது முறை சத்துநீர் விட்டார்கள். உயிர் இருந்திருந்தால் பெருகி, வாயு இன்னும் கூடியிருக்க வேண்டும். கூடவில்லை. இன்னொரு சோதனையில், வெறும் ஈரம் பட்டதற்கே மண் ஆக்சிஜனைக் கக்கியது. மண்ணில் கரிமப் பொருளும் தென்படவில்லை. ஆகவே இது உயிரின் வேலை இல்லை, மண்ணில் உள்ள வீரியமான ஆக்சிஜனேற்றிகளின் வேலை என்பதே பெரும்பாலான அறிவியலாளர்களின் முடிவு. 2008-ல் ஃபீனிக்ஸ் கலம் செவ்வாய் மண்ணில் பெர்குளோரேட்டைக் கண்டதும் அந்த முடிவு வலுத்தது. ஆனால் சோதனையை வடிவமைத்த கில்பர்ட் லெவின், 2021-ல் மறையும்வரை அது உயிர்தான் என்று வாதாடினார்! பல கோடி கிலோமீட்டருக்கு அப்பால் எழுந்த ஒரு வளைகோடு, அரை நூற்றாண்டாக மனிதர்களைத் தூங்கவிடவில்லை.

16. இது எல்லாம் உங்கள் சமையலறையிலும் நடக்கும்!

ஒரு சிறிய பாட்டிலில் வினிகர், ஒரு டிஷ்யூ பொட்டலத்தில் கால் தேக்கரண்டி சமையல் சோடா, கொஞ்சம் மெல்லிய குழாய், ஒரு வாளித் தண்ணீர், கோடு போட்ட ஓர் அளவுப் பாட்டில். பொட்டலத்தைப் போட்டதும் பாட்டிலின் வாயைக் குழாயோடு சேர்த்துக் களிமண்ணால் மூடி, வாயுவை நீருக்குள் கவிழ்த்த பாட்டிலுக்கு அனுப்புங்கள். குழாய் அடைபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வாயுவுக்கு வெளியேறும் வழி எப்போதும் இருக்க வேண்டும். பத்து நொடிக்கு ஒருமுறை குறியுங்கள். பிறகு ஐஸ் தண்ணீரில் குளிரவைத்த வினிகரோடு ஒருமுறை, வெதுவெதுப்பான வினிகரோடு ஒருமுறை. மூன்று கோடுகளையும் ஒரே தாளில் வரையுங்கள்.

ஹார்டனும் ரஃப்டனும் செய்ததும் அடிப்படையில் இதுதான். நுரைக்கிறது என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடாமல், எவ்வளவு நேரத்தில் எவ்வளவு என்று எழுதினார்கள். எண்கள் பொருந்தாத இடத்தில் விடாமல் நின்று 'ஏன்?' என்று கேட்டார்கள். உங்கள் மூன்று கோடுகளில் ஏதாவது ஒன்று எதிர்பார்த்தபடி வரவில்லையா? அதை அழித்துவிடாதீர்கள். கண்டுபிடிப்பு தொடங்கும் இடமே அதுதான்!